மூலை மடங்கிய அட்டைகள்

செய்தி வந்தபோது நான் சிவதாணு சாரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அறையில், மதிய இடைவேளையில், டிபன் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த அறிவியல் ஆசிரியை, அலமாரியிலிருந்து அவருடைய பழைய பாட உறை ஒன்றை எடுத்து வந்து, "இது நல்லா இருக்கே டீச்சர், நாளைக்கு இதையே எடுக்கட்டா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு அது போதும். அந்த மனுஷர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் இந்தப் பள்ளிக்கூடத்தை விட மாட்டேன் என்கிறாரே என்று ஆரம்பித்தேன். பாதியில் தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார்.

"கோமதி டீச்சர், சிவதாணு சார் போயிட்டார். காலைல நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவே நேரம் கிடைக்கலையாம்."

வாயில் இருந்த சோற்றை விழுங்கினேன். சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது. இரண்டு வாரம் கழித்து, நினைவு மலருக்கு நல்லதாக நாலு வரி வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டார். நல்லதாக எழுத வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். "நீங்கதானே அவர்கூட அதிக வருஷம் இருந்தது" என்றார். இருந்தேன், சண்டை போட்டுக்கொண்டு இருந்தேன். அவரை அறிந்தவர்களே, இரங்கல் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் தேன் தடவிப் பேசியதைக் கேட்டேன். நான் அன்று பாதியில் விட்டதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அவருடைய உறைகளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது, மலையாளம் பேசுகிற ஊரில், சாலை பஜாரை ஒட்டிய தமிழ் வழி உயர்நிலைப் பள்ளி. அங்கே அறிவியல் துறைக்குத் தலைவராக இருந்த சிவதாணு சார், எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பழுப்புக் காகித உறை செய்து வைத்திருந்தார். உள்ளே எல்லாம் தயார். எந்த நிமிடத்தில் மெழுகுவர்த்தியை ஏற்ற வேண்டும், எந்த நிமிடத்தில் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், பிள்ளைகள் என்ன தப்பான பதில் சொல்வார்கள், அதற்கு நாம் என்ன சொல்ல வேண்டும், எல்லாம் அவர் கையெழுத்தில். சொல்ல வேண்டிய நகைச்சுவைகூட எழுதியிருக்கும். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள், 'இங்கே சிரிப்பார்கள்.' என் வகுப்பில் அவர்கள் சிரிக்கவில்லை.

பள்ளியில் சேர்ந்த முதல் மாதம், மரியாதைக்காக ஓர் உறையை எடுத்துப் போனேன். அமிலம், காரம் பற்றிய பாடம். உறைக்குள் காய்ந்த செம்பருத்தி இதழ்கள் இருந்தன. வெந்நீரில் ஊறவைத்து எலுமிச்சைச் சாறு விட்டால் சிவக்கும், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். கடைசியில் ஒரு குறிப்பு: 'ரத்தத்தில் சோப்புப் போட்டால் அதுவும் பச்சையாகுமா என்று ஒரு பிள்ளை கேட்கும்.' இது என்ன ஜோசியமா என்று நினைத்துக்கொண்டே பாடத்தை நடத்தினேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து அதையே கேட்டாள். எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது என்று சொல்லி மாளாது. என்னிடம் கேட்ட கேள்வியாக அது தோன்றவில்லை, அவரிடம் கேட்ட மாதிரி இருந்தது. உறையை அவர் மேஜையில் போட்டுவிட்டு வந்தேன். அதன் பிறகு தொட்டதில்லை.

அவர் விடுகிற ஆளா? ஒரு நாள் இயற்பியல் ஆசிரியர் விடுப்பு. சிவதாணு சார் அலுவலகத்து கிளார்க்கைக் கூப்பிட்டு, ஓர் உறையைக் கையில் கொடுத்து, பத்தாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டார். கிளார்க் பாடம் நடத்தினார். பிள்ளைகளுக்குப் புரிந்தும் தொலைத்தது. மாலையில் சார் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"அப்ப நாங்கள்லாம் எதுக்கு சார்? கிளார்க்கையே போட்டுரலாமே?"

"டீச்சரே, பாடத்தை உறை பாத்துக்கிடும். நாம பிள்ளைகளைப் பாக்கதுக்காக்கும்" என்றார்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இரங்கல் கூட்டத்தில் மூன்று பேர் இதைச் சொன்னார்கள். நீங்கள் கை தட்டினீர்கள். எனக்கு அன்று அது செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. முந்தின நாள் மாலை முழுதும் உட்கார்ந்து பாடம் தயாரித்துக்கொண்டு போகிறவள் நான்.

உறைகளைவிட மோசம் அவருடைய அட்டை விளையாட்டு. பரீட்சைக்கு முன்னால் பாடங்களைத் திருப்பிப் பார்ப்பதற்காக அவர் கண்டுபிடித்தது. சாலை பஜாரில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் மிஞ்சிப்போன அட்டைகளைக் கேட்டு வாங்கி வருவார். ஒரு பக்கம் பிள்ளையார் படமும் ஜரிகைக் கரையும் இருக்கும். மறுபக்கம் கேள்வியோ விடையோ எழுதுவார். விடை அட்டைகளைப் பெஞ்சில் பரப்பி, கேள்வி அட்டையை ஒரு பிள்ளை தூக்கிப் பிடித்து வாசிக்க வேண்டும். விளையாடுகிறவர்களுக்குத் தெரிவது அட்டைக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையார்தான். சரியான விடையை யார் முதலில் தட்டுகிறார்களோ அவர்களுக்கு அந்த அட்டை. கூச்சல் என்றால் அப்படி ஒரு கூச்சல். பக்கத்து வகுப்பில் நான் தொண்டை கிழியக் கத்துவேன். போய்ச் சொன்னால், "கதவைச் சாத்திக்கிடுங்க டீச்சர்" என்பார். தன் கதவைச் சாத்த மாட்டார்.

அந்த விளையாட்டில் எப்போதும் ஜெயிப்பது இசக்கியம்மாள். என் வகுப்புப் பெண். சாலை பஜாரில் மூட்டைச் சுமடு தூக்குகிறவரின் மகள். என் பாடத்தில் வாயே திறக்காதவள் அங்கே அட்டைகளை அள்ளினாள். எனக்கு அது புரியவில்லை. ஒரு நாள் வாசலில் நின்று கவனித்தேன். கேள்வியை வாசிக்கும்போது அவள் கண் அட்டையின் மூலையில் இருந்தது. கேள்வி அட்டையில் எந்த மூலை மடங்கியிருந்ததோ, அதே மூலை மடங்கிய விடை அட்டையை அவள் தட்டினாள். பிறகு ஒரு நாள் அட்டைக்கட்டை எடுத்துப் பார்த்தேன். பல அட்டைகளில் மூலையில் மடிப்புத் தடம். எல்லாம் தேய்மானம் என்று நினைத்தேன். பிள்ளைகள் விடையைப் படிக்கவில்லை, அடையாளத்தைப் படித்திருக்கிறார்கள். இத்தனை நாள் காத்திருந்தது கையில் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சமயத்தில்தான் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, பெற்றோர் கூட்டத்தன்று விளையாட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் உறைகளும் அட்டைகளும் எல்லாத் தமிழ் வழிப் பள்ளிகளுக்கும் போகும், எல்லோரும் அதன்படிதான் நடத்த வேண்டும். என்னால் அப்படி நடத்த முடியாது. அதனால் மூலை மடங்காத புதிய அட்டைகள் வாங்கி, ஒரு கட்டு முழுவதையும் என் கையால் புதிதாக எழுதினேன். கூட்டம் தொடங்கும் முன் யாருக்கும் தெரியாமல் மாற்றி வைத்தேன். மேடைக்கு யாரை அனுப்பலாம் என்று பேச்சு வந்தபோது இசக்கியின் பெயரைச் சொன்னதும் நான்தான்.

முதல் கேள்வி வாசிக்கப்பட்டது. இசக்கி அட்டையின் மூலையைப் பார்த்தாள். தூக்கிய கை அப்படியே நின்றது. இரண்டாவது கேள்வி. மூன்றாவது. பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை "கள்ளக்களி! கள்ள ஆட்டம்!" என்று கத்தியது. கூடம் சிரித்தது. சிவதாணு சார் மேடையில் ஏறி அவள் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். திட்டுகிறார் என்று நினைத்தேன். அவள் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். நான் எழுந்து அதிகாரியிடம் விளக்கினேன். "பிள்ளைகள் வேதியியல் படிக்கலை சார். அட்டையோட மடிப்பைப் படிச்சிருக்காங்க." அவர் கோப்பை மூடினார். சிவதாணு சார், "அட்டை என்னோடதாக்கும். தப்பும் என்னோடதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். அன்று மாலை நான் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் இறங்கி ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் வராந்தாவில் வழிமறித்தார். "என்னைத் தோற்கடிக்கணும்னா என்னைக் கூப்பிட்டிருக்கலாமே டீச்சர். அந்தப் பிள்ளைய எதுக்கு எடுத்தீங்க?" என்றார். அட்டையைச் செய்தது நீங்கள், அவளைக் கெடுத்தது நீங்கள், என்னைக் கேட்கிறீர்களா என்றேன். அதன் பிறகு அவர் ஓய்வு பெறும் வரை எங்களுக்குள் வேலை விஷயம் தவிரப் பேச்சில்லை. இசக்கி அட்டை விளையாடவில்லை. பத்தாம் வகுப்பு முடியும் மட்டும் பிள்ளைகள் அவளைக் 'கள்ளக்களி' என்றுதான் கூப்பிட்டார்கள்.

இனி சொல்ல வேண்டியது வலியசாலையில் அவர் வீட்டில் நடந்தது. சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது, போனேன். வாசலில் ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்தாள். "டீச்சருக்கு என்னைத் தெரியுதா?" இசக்கி. ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறாளாம். எந்த டாக்டர் கிறுக்கியதையும் படித்துவிடுவேன் என்று சிரித்தாள். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "அட்டை மூலையைப் பாத்து ஜெயிச்ச பொண்ணா இது?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரிப்பு நின்றது. "மூலையை மடக்கினது சாராக்கும் டீச்சர்" என்றாள்.

அவள் சொன்னாள்: "ஏழு வரை நான் மலையாளம் மீடியம் அல்லே? அப்பாக்கு சாலையில வேலை கிடைச்சப்பதான் இங்க கொண்டு சேர்த்தாங்க. தமிழ் பேசுவேன், எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன். வெளிய சொல்ல நாணக்கேடு. சார் மட்டும் கண்டுபிடிச்சாரு. ஒரு கட்டில நாலு ஜோடிக்கு மூலை மடக்கித் தந்தாரு. மடக்கைப் பாத்து எடு, எடுத்த பொறவு வாசி, பயம் போகும், பேடி போகும்னு சொன்னாரு. அது நாலும் வாசிக்க வந்ததும் நிமித்திட்டு வேற நாலு மடக்குவாரு. கூட்டத்துக்கு முன்னாடியே எனக்கு எல்லா அட்டையும் வாசிக்கத் தெரியும் டீச்சர். ஒரு மடக்கும் காணலேன்னதும் பேடிச்சுப் போயிட்டேன்."

"அவர் ஏன் அங்க சொல்லலை?"

"மேடையில எங்கிட்ட கேட்டாரு. சொல்லட்டுமா மக்களேன்னு. வேண்டாம் சார், எழுத்து தெரியாதுன்னு எல்லாரும் அறிஞ்சிருவாங்கன்னு நான்தான் அழுதேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, இன்னும் இருக்கிறது. அவளுக்கு வகுப்பாசிரியை நான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு கோடை விடுமுறையில் எழுத்தைக் கற்றுக் கொடுத்திருப்போம், மடக்கும் வேண்டாம், மேடையும் வேண்டாம். பிள்ளையின் ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பிள்ளையைக் காப்பாற்றாமல் விட்டார். ஓர் ஆசிரியர் செய்கிற காரியம் இல்லை இது. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், அவரோ கூடத்தில் மாலையோடு படுத்திருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் நான் வாசிக்கச் சொல்லும் போதெல்லாம் இசக்கி "தொண்டை வலி டீச்சர்" என்பாள். சரி, அடுத்தவள் வாசி என்று போய்விடுவேன். ஒரு வருடம் முழுவதும் ஒருத்திக்குத் தொண்டை வலிக்குமா என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குப் பாடத்தை முடிக்க வேண்டியிருந்தது. வாசலில் நின்றபடியே இசக்கியிடம், "அட்டையை மாத்தினது நான். உன்னை மேடையேத்தினதும் நான்தான். மன்னிச்சுக்கோ" என்றேன். "சாரமில்ல டீச்சர்" என்றாள். இந்த ஊரில் பஸ்ஸில் காலை மிதித்தாலும், பரவாயில்லை என்பதற்கு அதைத்தான் சொல்வார்கள்.

கிளம்பும்போது சாரின் மனைவி ஒரு பையைக் கொடுத்தார். "இந்த அட்டையெல்லாம் ஸ்கூலுக்கே கொண்டு போங்க டீச்சர். அலமாரி நிறைய இதுதான், பல்லி முட்டை வைக்குது" என்றார். அந்தப் பை இப்போது என்னிடம் இருக்கிறது. அவருடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது அவ்வளவுதான். உறைகள் எனக்கு வேண்டாம். புதிய ஆசிரியை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும், சிரிக்காத வகுப்பில் அவளும் நின்று பார்க்கட்டும்.

இந்த வருடம் என் ஒன்பதாம் வகுப்பில், கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருக்கிறாள். வாசிக்கச் சொன்னால் கண்ணில் தூசி என்பாள். ஜூன் மாதத்திலிருந்து அவளுக்குத் தூசி போகவில்லை. போன திங்கட்கிழமை அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். அன்றே தமிழ் ஆசிரியையிடமும் சொன்னேன். அந்த ஒன்றையாவது சார் செய்யாத மாதிரி செய்ய வேண்டும் என்று இருந்தது. பிறகு பையைத் திறந்து, பிள்ளையார் பக்கத்தைத் திருப்பி, நாலு ஜோடி அட்டைகளை எடுத்தேன். மடக்குவதற்கு ஒன்றும் சிரமம் இல்லை. பழைய தடம் இருந்தது, விரல் வைத்ததும் மூலை தானாக மடங்கியது.

செவ்வாய்க்கிழமை என் வகுப்பில் ஒரே கூச்சல். அந்தப் பெண் இரண்டு அட்டைகளைத் தட்டி எடுத்தாள். எடுத்த பிறகு, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். பக்கத்து வகுப்பிலிருந்து புதிய ஆசிரியை வந்து, பாடம் நடத்த முடியவில்லை என்றாள். "கதவைச் சாத்திக்கிடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. அதற்காகவும் எனக்கு அவர்மேல் கோபம்தான்.