புத்தகத்தில் ஏறாத ஆட்டம்

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கேஷுவல் தொழிலாளியாக இருந்தேன். உயரத்தைப் பார்த்து எடுத்தார்கள். கம்பெனிக்கு பாஸ்கெட்பால் டீம் இருந்தது. நானும் கூடவே வேலைக்குச் சேர்ந்த என் கூட்டாளியும் ஊரில் மாதா கோயில் பள்ளி மைதானத்தில் ஆடிப் பழகியவர்கள். அவன் குள்ளம். பந்தைக் கொண்டுவந்து சரியான ஆளிடம் சேர்ப்பான். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது என் வேலை.

மெட்ராஸ் பேங்க் டீமிடம் ஒவ்வொரு வருஷமும் தோற்போம். அங்கே முதலில் வேலையைக் கொடுத்தார்கள், பிறகு ஆடச் சொன்னார்கள். இங்கே முதலில் ஆட்டம், வேலையைப் பிறகு பார்க்கலாம். நன்றாக ஆடுகிறவன் அங்கே போய்விடுவான். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் புதிதாக வந்த பர்சனல் ஆபீஸர், டீமில் மூன்று பேரை பர்மனென்ட் ஆக்குவதாகச் சொன்னார். பர்மனென்ட் ஆனால்தான் பெண் கொடுப்பேன் என்று என் கூட்டாளியிடம் அவன் மாமா சொல்லியிருந்தார். எனக்கும் வேறு வழி கிடையாது.

ஆபீஸர் ஸ்கோர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். யார் எத்தனை பாயின்ட், எத்தனை ஃபவுல். அவ்வளவுதான் அதில் இருக்கும்.

“நீ என்னய்யா பண்ற? ஃபவுல்தான் நிறைய இருக்கு.”

“பந்தப் புடிச்சிக் குடுப்பேன் சார்.”

“எங்க எழுதியிருக்கு?”

எங்கும் இல்லை.

பர்மனென்ட் லிஸ்ட் போடுமுன் ஒரு மேட்ச்தான் பாக்கி. மறைமலை நகர் டீமோடு. அவர்களை இரண்டு தடவை ஜெயித்திருந்தோம்.

அன்றைக்கு நான் பிடித்த பந்தை யாருக்கும் கொடுக்கவில்லை. மற்ற மூன்று பேரும் கொடுக்கவில்லை. கூட்டாளி மட்டும் எப்போதும் போல ஆடினான். கையில் வந்த பந்தை எங்களுக்கே கொடுத்தான். கோட்டுக்கு வெளியே நின்ற ஷிஃப்ட் ஆட்கள் கத்தினார்கள்.

“டேய் நெட்டை, அது இன்னா உங்கப்பன் வூட்டுப் பந்தா? குடுடா!”

தோற்றோம். எனக்குப் பதினான்கு பாயின்ட்.

லிஸ்ட்டில் மூன்றாவது ஆள் நான். கூட்டாளியை மாதக் கடைசியோடு நிறுத்திவிட்டார்கள்.

சைக்கிள் ஸ்டாண்டில் கேட்டான்.

“ரிங்காண்ட சும்மா நின்னுகினு இருந்தேனேடா. என்னப் பாக்கலியா?”

“பாத்தேன்” என்றேன்.

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்குவதாகக் கேள்வி. மாமா பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. ஆபீஸர் டீமைக் கலைத்தார். நான் ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான் இருந்தேன்.