வாத்தியார் சொன்ன பாலம்

இன்று தோணியில் வாவியைக் கடந்தேன். எனக்குக் கணக்குப் படிப்பித்த வாத்தியாரும் கூட வந்தார். இப்போது அவர் மரம் விற்கும் மரக்காலை ஒன்றின் முதலாளி, இந்தத் தேர்தலில் வேட்பாளர்.

தோணிக்காரர் சீனித்தம்பி துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "வாத்தியார், பாலம் வந்தா என்ர பிழைப்பு என்னாகும்?"

"நான் வென்றா பாலம் வராதுகா. பயப்பிடாத."

அக்கரையில் மாலைகளோடு ஒரு கூட்டம் காத்து நின்றது. இறங்கியதும் வாத்தியார் உரக்கச் சொன்னார்: "நான் வென்றால் முதல் வேலை பாலம்தான்!"

சீனித்தம்பி என்னைப் பார்த்தார். "தம்பி, இதில எது மெய்?"

ஒரு கணக்குக்கு ஒரே விடைதான் என்று எங்களை அடித்தவர் அவர். பாலத்துக்கும் மரம் வேண்டும், தோணிக்கும் மரம் வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

உங்கள் கரையில் அவர் என்ன சொன்னார்?