நல்ல கையைக் கட்டினேன்

இது இரவில் நடந்ததல்ல. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பகல் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் நடந்தது. ஜன்னல் திறந்திருந்தது. கீழே தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. மொத்தம் முப்பத்தொரு நாள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தோம், எப்போது முடித்தோம், இடையில் என்ன நடந்தது என்று எழுதிய நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. யாரையும் பயமுறுத்த எழுதியதல்ல. பிசியோதெரபிஸ்ட் கேட்டார் என்று எழுதியது.

அப்பா நாற்பது வருடம் வீடுகளுக்கு பிளான் வரைந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு போயிற்று. எழுத்தும் போயிற்று. இடது கையில் பென்சிலைக் கொடுத்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் சொல்வது புரியும். ஆனால் ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரிதான் தலையாட்டுவார்.

நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. அதுவரை சித்தி வந்து அப்பாவுடன் இருப்பார். நான் செருப்பைக் கழற்றும்போது அவர் செருப்பைப் போடுவார்.

நடை வராவிட்டால் போகட்டும், பேச்சு வராவிட்டாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு கை வந்தால் போதும். பென்சில் பிடித்த கை.

பிசியோ செவ்வாயும் வெள்ளியும் வருவார். ஐம்பது வயது இருக்கும். வாசலிலேயே கேலியை ஆரம்பித்துவிடுவார். "என்ன ஐயா, கை இன்னிக்கும் லீவா?" என்பார். அப்பாவின் வாயில் நல்ல பாதி மட்டும் சிரிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஒரு பழைய சிடியைக் கொண்டுவந்தார். உறையில் ஒரு வீட்டின் படம். பெயர் இருந்த இடம் தேய்ந்துபோயிருந்தது.

"ஓடுறது, சுடுறது எல்லாம் இவருக்கு ஆகாதும்மா. நாம மெதுவா இருந்தா அது நம்மள கொன்னுடும். இது அப்படி இல்ல. நீங்க அழுத்துற வரைக்கும் காத்துக்கிட்டே இருக்கும்."

இதற்கு முன் ஒரு நோயாளிக்கு இதில்தான் கை வந்தது என்றார். அவருடைய மகன் இதை யாருக்காவது உதவட்டும் என்று கொடுத்திருக்கிறார். அந்த நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

ஒரே ஒரு விதி சொன்னார். விளையாடும் ஒரு மணி நேரமும் நல்ல கையைக் கட்டிவைக்க வேண்டும். நல்ல கை உதவிக்கு வந்தால் விழுந்த கை எழுந்திருக்காது. இடது கைக்குத் தடித்த கையுறை மாட்டி, மணிக்கட்டில் பட்டையை இழுத்து ஒட்டிக் காட்டினார். "மூத்தவன் சம்பாதிச்சுக்கிட்டே இருந்தா இளையவன் வேலைக்குப் போவானா?" என்று சிரித்தார்.

என் பழைய கம்ப்யூட்டரை அப்பாவின் நாற்காலிக்கு எதிரே வைத்தேன். வலது கையைத் தூக்கி மவுஸின் மேல் வைத்தேன். ஈர மாவுபோல் இருந்தது.

விளையாட்டு எளிமையானது. ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரக் கிழவர் மாடியறை நாற்காலியில் இறந்துகிடக்கிறார். தூக்கத்தில் இறந்தார் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்துவிட்டார். நாம் அறை அறையாகப் போய் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். திரையின் அடியில் நான்கு சொற்கள். பார். எடு. பேசு. பயன்படுத்து. அம்புக்குறிக்குப் பதில் ஒரு சின்ன வெள்ளைக் கை. அந்த வீட்டில் வேறு மனிதர்கள் இல்லை. மழைச் சத்தமும் ஒரு கடிகாரமும் மட்டும். எங்கள் மொழியில் இல்லாததால், திரையில் வரும் வரிகளை நான்தான் அப்பாவுக்குச் சொல்வேன்.

முதல் நாள். 2.10க்கு ஆரம்பித்தோம். வெள்ளைக் கை வாசல் கதவின் மேல் நின்றது. அப்பாவின் நெற்றியில் வேர்த்தது. 2.30. ஒன்றும் இல்லை. 2.40. ஒன்றும் இல்லை.

2.47. டிக்.

கதவு திறந்தது.

ஆள்காட்டி விரல் அழுத்தியிருந்தது. நான் அழுதேன். நோட்டில் "அழுத்தியது" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அதன் பிறகு தினமும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. ஆறாம் நாள் மவுஸ் நகர்ந்தது. பத்தாம் நாள் வெள்ளைக் கை ஒரு மேசை டிராயரைத் திறந்தது. பிசியோ வரும் நாட்களில் மட்டும் ஏமாற்றம். மவுஸை எடுத்துவிட்டு விரலை அசைக்கச் சொல்வார். அசையாது. மவுஸை வைத்தால் அசையும்.

"சில பேருக்கு அப்படித்தாம்மா. வேலை இருந்தாத்தான் வரும்."

அவர் சொன்னார். நான் நம்பினேன்.

பன்னிரண்டாம் நாள் ஒரு சின்ன விஷயம் உறுத்தியது. அப்பா புது வீட்டுக்குள் நுழைந்தால் வாசலிலிருந்து வரிசையாகத்தான் போவார். கூடத்தை அளக்காமல் அடுத்த அறையில் கால் வைக்கமாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட அப்படித்தான். வெள்ளைக் கை அன்று கூடத்தில் நிற்கவில்லை. சமையலறையைப் பார்க்கவில்லை. நேராகப் படிக்கட்டுக்குப் போனது. மாடியில் ஒரு பெட்டி, நாலு எண் பூட்டு. அந்த எண்ணுக்கான குறிப்பு எதையும் நாங்கள் இன்னும் பார்த்திருக்கவில்லை. விரல் நாலு தடவை அழுத்தியது.

திறந்துவிட்டது.

அப்பாவின் மூளை பழையபடி வேலை செய்கிறது என்று தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். அவன் வெளியூரில் இருக்கிறான். "நமக்குத்தான் மூளை வரல, அவருக்காவது திரும்பி வரட்டும்" என்றான். இருவரும் சிரித்தோம்.

பதினேழாம் நாள் அந்தத் தட்டல் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் அழுத்துவதற்கு முன் மோதிர விரல் மேசையை இரண்டு முறை தட்டும்.

டக்... டக்.

பிறகு டிக்.

அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இருந்ததில்லை.

அதே வாரத்தில்தான் இடது கை தொந்தரவு செய்ய ஆரம்பித்தது. கையுறையோடு வந்து மவுஸைத் தள்ளும். வலது மணிக்கட்டை அமுக்கும். நான் விலக்கி மடியில் வைப்பேன். திரும்ப வரும். பட்டையைப் பல்லால் கடித்து இழுக்கப் பார்த்தார். பிசியோவிடம் சொன்னேன். நல்ல கைக்குப் பொறாமை, விடாதீங்க என்றார்.

பத்தொன்பதாம் நாள், 2.05. நாற்காலியின் கையோடு சேர்த்து இடது கையைத் துண்டால் கட்டினேன்.

அப்பா என்னைப் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது. இந்த நோய் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். துடைத்துவிட்டேன்.

"கொஞ்ச நேரம்தான்பா. உங்க கை உங்களுக்கு வந்துடும்."

தலையாட்டினார். வழக்கம்போல, ஆமாமா இல்லையா என்று தெரியவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் சித்தி செருப்பு போடும்போது நின்றார்.

"உங்கப்பா தூக்கத்துல நாற்காலியைத் தட்டுறாரு. ரெண்டு தட்டு. அப்புறம் சும்மா இருக்காரு. மறுபடி ரெண்டு தட்டு. யாரையோ கூப்பிடற மாதிரி."

எந்தக் கை என்று கேட்டேன். சித்தி யோசித்துவிட்டு வலது என்றார். மவுஸ் இல்லாமல் அசைகிறது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இருபத்தேழாம் நாள். அப்பாவைக் கட்டி உட்காரவைத்துவிட்டுக் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவப் போனேன். 2.22.

உள்ளே சத்தம் கேட்டது.

டக்... டக். டிக்.

டக்... டக். டிக்.

வேகமாக விளையாடுகிறார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று பார்த்தேன்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்திருந்தது. குறட்டை வந்தது. திரையில் வெள்ளைக் கை ஓர் இருட்டுத் தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு கதவாக நின்று திறந்து பார்த்து, அடுத்த கதவுக்குப் போனது.

நான் "அப்பா" என்றேன்.

கை நின்றது.

அப்பா விழிக்கவில்லை. கை மட்டும் நின்றது. நான் அசைகிறேனா என்று பார்ப்பதுபோல.

அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இவ்வளவு தூரம் வந்த கை இது. நிறுத்தினால் திரும்ப விழுந்துவிடும். அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

முப்பத்தொன்றாம் நாள்.

2.04. கையுறையை மாட்டினேன். துண்டை இரண்டு சுற்று சுற்றினேன். இடது கை துண்டை இழுத்தது.

2.31. மாடியில் கடைசிக் கதவு. இதுவரை திறக்காதது.

2.38. திறந்தது.

கிழவரின் அறை. விளையாட்டின் ஆரம்பத்தில் தூரத்திலிருந்து காட்டியிருந்தார்கள். ஜன்னல், நாற்காலி, அதில் கிழவரின் பிணம். இப்போது பக்கத்தில் தெரிந்தது.

கிழவரின் மார்பு ஏறி இறங்கியது.

மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய இடது கை, நாற்காலியின் கையோடு... கட்டப்பட்டிருந்தது.

மழைச் சத்தம் நின்றது. கடிகாரச் சத்தமும் நின்றது.

2.41. வெள்ளைக் கை "பயன்படுத்து" என்ற சொல்லுக்குப் போனது.

டக்... டக். டிக்.

பிறகு கிழவரின் முகத்துக்கு வந்தது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கட்டிய கையை இழுத்துக்கொண்டிருந்தார். துண்டு இறுகியது. நாற்காலி அசைந்தது.

டக்.

டக்.

டிக்.

திரை கறுத்தது. ஒரு வரி வந்தது. நான் வாசிக்கவில்லை.

ஏனென்றால் கை மவுஸை விட்டுவிட்டது.

முதல் தடவையாக, தானாக.

மேசையைவிட்டு எழுந்தது. மெதுவாக. அவசரமே இல்லை. அப்பாவின் மார்பைத் தாண்டியது. கழுத்தைத் தாண்டியது.

வாயையும் மூக்கையும் சேர்த்து மூடியது.

2.43.

இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். விரலை நிமிர்த்தப் பார்த்தேன். தினமும் இடுக்கி பிடிக்கிற கை என்னுடையது. அந்தக் கை அசையவில்லை.

அப்பாவின் முகம் கறுத்தது.

அப்போதுதான் புரிந்தது.

துண்டை அவிழ்த்தேன். முடிச்சு விழுந்திருந்தது. பல்லால் அவிழ்த்தேன். பட்டையைப் பிய்த்தேன். கையுறையை உருவினேன்.

இடது கை பாய்ந்தது. வலது மணிக்கட்டைப் பிடித்தது. நானும் பிடித்தேன்.

இரண்டு பேர். மூன்று கை.

2.46. விட்டது.

மடியில் விழுந்தது. ஈர மாவுபோல்.

அப்பா மூச்சை இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கினேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார்.

அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பிசியோவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்த முந்தைய நோயாளியைப் பற்றிச் சொன்னார்.

"அவர் செத்தப்பவும் அப்படித்தாம்மா பாத்தாங்க. கை முகத்து மேல கெடந்துச்சு. வீட்ல யாரும் இல்லாத நேரம். ரெண்டாவது தடவை வாதம் வந்துடுச்சுன்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"இடது கை?"

"கட்டித்தான் இருந்துச்சு. நாற்காலியோட. கட்டணும்னு சொல்லிக் குடுத்தது நான்தான்."

அந்த இரண்டு தட்டல் அவருடைய பழக்கமா என்று கேட்டேன்.

"இல்லம்மா. மூணாவது வாரத்துலதான் வந்துச்சு. அவருக்கும் அதுக்கு முன்னாடி கெடையாது."

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. சிடி டிரைவிலேயே இருந்தது. கம்ப்யூட்டரை அப்படியே பழைய சாமான் கடையில் கொண்டுபோய் உடைக்கச் சொல்லி, உடைக்கும்வரை நின்று பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார். மூளைப் படத்தை வெளிச்சத்தில் மாட்டியிருந்தார். புதிதாக வாதம் எதுவும் வரவில்லை என்றார். எல்லாம் பழையது. முதலில் எடுத்த படம் அவசரத்தில் எடுத்தது, அதில் சரியாக விழவில்லை. இதில் தெளிவாக இருக்கிறது. ஒரு கறுப்பு இடத்தைப் பேனாவால் சுற்றிக் காட்டினார். வலது கையை அசைக்கிற இடம் அது. முழுக்கச் செத்துவிட்டது.

"எப்ப செத்துச்சு?"

"விழுந்த அன்னிக்கே."

முப்பத்தொரு நாள் அந்தக் கையைப் பயிற்சி செய்யவைத்தோம், விரல் நன்றாக அசைந்தது என்றேன். நோட்டைக் காட்டினேன். டாக்டர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடிக் கொடுத்தார். பரிதாபமாகப் பார்த்தார்.

"இந்தக் கை ஒரு விரலைக்கூட அசைச்சிருக்க முடியாதும்மா. ஒரு தடவைகூட."

வராந்தாவில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். முதல் பக்கம். முதல் நாள். 2.47. அழுத்தியது. அடியில் இரண்டு கோடு.

நோட்டில் எழுதாதது ஒன்று உண்டு. கதவு திறந்ததும் நான் முழங்காலிட்டு உட்கார்ந்தேன். அந்தக் கையை இரண்டு கையாலும் எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டேன். முத்தம் கொடுத்தேன்.

விரல்கள் மெல்ல மடங்கி என் கன்னத்தைப் பிடித்தன. அப்பா என்று நினைத்தேன்.