லேட்டானால் ஐந்து ரவுண்டு

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பில் ஞாயிறு காலையில் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தருகிறேன். லேட்டாக வந்தால் மைதானத்தை ஐந்து ரவுண்டு ஓட வேண்டும் என்பது நான் வைத்திருந்த சட்டம்.

ஒரு ஞாயிறு, பதினோரு வயது ரெஜினா மூன்றாவது ரவுண்டில் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்து, "குழாய்ல தண்ணி லேட்டாத்தான் வந்துச்சுக்கா. பத்துக் குடம் தூக்கிட்டு வாறேன், இன்னும் சாப்பிடல" என்றாள். அதே குழாயில் அன்று எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்தது என் கணவர். அதனால்தான் நான் நேரத்துக்கு வந்திருந்தேன்.

அன்றோடு ரவுண்டை ஒழித்தேன். இப்போது முதல் அரைமணி நேரம் ஓடிப்பிடித்து விளையாட்டு. பிடிபட்டவள் பிடித்தவளோடு கைகோத்துச் சேர்ந்து மற்றவர்களைத் துரத்த வேண்டும். லேட்டாக வருகிறவள் நேராக வந்து கைகோத்துக்கொள்ளலாம். கபடியிலும் அப்படிக் கைகோத்துத்தானே மடக்குகிறோம்?

"சிரிச்சு விளையாடவா பிள்ளைய அனுப்புதோம்?" என்று ஒரு தகப்பனார் கேட்டார்.

"ஆமாண்ணே, அதுக்குத்தான்" என்றேன்.

லேட்டாக வருகிறவளிடம் இப்போது சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்கிறேன். ரவுண்டு ஓடியே தீர வேண்டும் என்பவர்கள் முதலில் பத்துக் குடம் தூக்கிவிட்டு வரட்டும். அப்புறம் அவர்கள் கூடவே நானும் ஓடுகிறேன்.