நம்பர் எடுத்துவிட்டு இருங்கள்

விண்ணப்பதாரர் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் தெரிந்தவராக இருந்தால், அதிகாரி அந்தக் கோப்பைத் தொடாமல் அன்றே மேலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ரொறன்ரோவில் நான் இருபத்திரண்டு வருடம் கவுண்டரில் இருந்த அரசு வீடு ஒதுக்கும் அலுவலகத்தின் விதி இது. ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும் வரி பிசகாமல் சொல்வேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விடயம்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஸ்காபுறோவில் ஒரு நூலகத்தின் கூட்ட அறையில் கொரியப் படம் ஒன்று பார்த்தேன். நானாகப் போகவில்லை, கொண்டுபோகப்பட்டேன். தங்கையின் மகள், எனக்குப் பெறாமகள், பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வேலை தேடுகிறவள், இரண்டு இருக்கை பதிவு செய்திருந்தாள். வருவதாகச் சொன்ன சிநேகிதி வரவில்லை. "பெரியம்மா, சும்மா வாங்கோ. கீழ இங்கிலிஷ் போடும்" என்றாள். பதிவு செய்த இருக்கையை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. போனேன்.

பாட்டு இல்லை, வில்லன் இல்லை, ஒரு கலியாணம்கூட இல்லை. பாடசாலை முடித்த மூன்று பெண்கள், அவ்வளவுதான். முதல் இருபது நிமிடம் மூவரையும் தலைமயிரை வைத்துத்தான் பிரித்தறிந்தேன். பிறகு அது தேவைப்படவில்லை. ஏன் ஒவ்வொருத்தியும் மற்றவளின் கோப்பையையே நிரப்புகிறாள், தன்னுடையதை நிரப்புவதில்லை? பரீட்சைக்குப் படிக்கிறவள் ஏன் அறைக்குள்ளும் குளிர் மேலங்கியைக் கழற்றுவதில்லை? இப்படிக் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. பெறாமகள் இரண்டு தரம் "ஷ்ஷ்" என்றாள்.

ஒருத்திக்கு ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் வேலை கிடைக்கிறது. இன்னொருத்தி தாயின் சூப் கடையில் நிற்கிறாள். கடைக்காரி அனுப்பும் செய்திகளுக்குப் பதில் முதலில் ஒரு மணி நேரம் பிந்துகிறது, பிறகு ஒரு நாள், பிறகு வருவதே இல்லை. ஒருநாள் அவள் இரண்டு பஸ் மாறி, மடியில் ஒரு பெட்டி பழத்துடன் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். மேசையில் இருந்தவள் நிமிர்ந்து பார்க்கிறாள். பின்னால் மேலாளர் நிற்கிறார். "நம்பர் எடுத்துவிட்டு இருங்கள்" என்கிறாள். வந்தவள் நம்பர் எடுத்துக்கொண்டு இருக்கிறாள்.

அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

திரும்பி வரும்போது காரில், யாரும் கேட்காமலே தொடங்கினேன். "அவள் செய்தது பிழையில்லை."

"எவள்?"

"ஆஸ்பத்திரிக்காரி. வேலை நேரம். தெரிஞ்ச ஆளை முன்னுக்கு விட்டா, வரிசையில இருக்கிற மற்ற ஆக்களின்ர கதி என்ன?"

"பெரியம்மா, ஸீரியஸ்லி? அந்தப் பிள்ளை முன்னுக்கு விடச் சொல்லிக் கேக்கேல்லையே. பழம் கொண்டு வந்தவள்."

"பரிசு வாங்கவும் ஏலாது. அதுக்கும் விதி இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். "சரி. சிரிக்கிறதுக்கு? அதுக்கும் விதி இருக்கோ?"

விதிப் புத்தகத்தை மனதுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ரூஜ் ஆற்றுப் பாலம் தாண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"என்ன, இன்னும் தேடுறீங்களோ?" என்றாள்.

நாங்களும் மூன்று பேர்தான். திருகோணமலையில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை தட்டெழுத்து வகுப்புக்குப் போனோம். அந்தக் காலத்தில் பரீட்சை எழுதிய பெண்பிள்ளைகளை வேறு எங்கே அனுப்புவது? மெஷின் போதாததால் இரண்டு பேருக்கு ஒன்று. எனக்குச் சோடியாக வந்தவள் வாசிப்பாள், நான் அடிப்பேன், பிறகு மாற்றிக்கொள்வோம். நான் பிழை விட்டால் ஆசிரியைக்குத் தெரியமுன் மேசைக்குக் கீழே காலால் உதைப்பாள். மூன்று மாதம் அப்படி உதை வாங்கித்தான் சான்றிதழ் எடுத்தேன். பிறகு நாட்டில் சண்டை வந்தது, ஆளுக்கொரு திசையானோம்.

பதினாறு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அந்தத் தட்டெழுத்துச் சோடி என் கவுண்டருக்கு நேரே வந்தாள். மொன்றியலில் கணவர் இறந்தபின் இரண்டு பிள்ளைகளுடன் இங்கே வந்திருக்கிறாள். அது எனக்குப் பிறகு ஆட்கள் சொல்லித்தான் தெரியும். என்னைக் கண்டதும் அவள் முகம் முழுக்க விரிந்தது. "எடியேய்" என்று கையை நீட்டினாள். என் மேலாளரும் பின்னால்தான் நின்றார். நான் ஆங்கிலத்தில், எல்லாருக்கும் சொல்லும் குரலில், நம்பர் எடுத்துவிட்டு இருக்கச் சொன்னேன். அவள் நீட்டிய கையால் நம்பரை எடுத்தாள். கோப்பை விதிப்படி ஒப்படைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வேறொருவர் அவளைக் கூப்பிட்டார்.

கோப்பு முடிந்ததும் தொலைபேசி எடுப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு வீடு கிடைக்க நாலு வருடமானது. அதற்குள் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. வெட்கத்துக்குக் காலாவதித் திகதி இல்லை.

கோப்பைக் கொடு என்றுதான் விதி சொன்னது. ஆளைத் தெரியாததுபோல இரு என்று எங்கேயும் இல்லை. அதை நானேதான் சேர்த்தேன். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினாறு வருடமும் ஒரு கொரியப் படமும் தேவைப்பட்டன.

யூனியன்வில்லில் இருக்கும் எங்கள் மூன்றாவது ஆளிடம் விலாசம் கேட்டேன். "அஜக்ஸில மகளோட இருக்கிறாள். எழுதப் போறியோ? தெய்வமே, படிவம் ஒண்டும் அனுப்பிப் போடாதை" என்றாள். அவள் சொன்னது வீணில்லை. என் முதல் பிரதியில் 'விடயம்' என்று தலைப்பும், ஒன்று, இரண்டு, மூன்று என்று பந்திகளுக்கு இலக்கமும் இருந்தன. கிழித்துவிட்டுக் கையால் ஒரு பக்கம் எழுதினேன். அன்று உன்னைத் தெரிந்தது, தெரியாததுபோல இருந்தேன், மன்னித்துக்கொள் என்பதுதான் மொத்தமும்.

பதினைந்து வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும் என்பது அலுவலக நியமம். எண்ணினேன். வரவில்லை. மார்கழி போனது, தை போனது. பனி தள்ளிக்கொண்டு தெருமுனைக் கடிதப் பெட்டிக்கு நடந்தேன். பெட்டியில் பீட்சா விளம்பரமும் காது கேட்கும் கருவி விளம்பரமும் தவறாமல் வந்தன. கோபமாக இருந்ததா? இல்லை. அவள் வாசித்தாளா, கிழித்தாளா, வாசித்துவிட்டுக் கிழித்தாளா என்றுதான் யோசித்தபடி இருந்தேன். பெறாமகள் வாரம் ஒருதரம் விசாரித்தாள். "பெரியம்மா, உங்கட கோப்பு எந்த நிலையில இருக்கு?"

கடைசியில் வந்தது. ஒரே ஒரு தாள். தமிழில், அவளுடைய சாய்ந்த எழுத்தில்:

"விண்ணப்பங்கள் கிடைத்த ஒழுங்கிலேயே கவனிக்கப்படும் என்று உங்கள் கந்தோர்ச் சுவரில் ஒட்டியிருந்தது. இரண்டு மணி நேரம் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். உன்னுடையது இப்போதுதான் மேசைக்கு வந்தது. ஞாயிறு மத்தியானம் சாப்பிட வா. உதைக்க வேண்டியும் இருக்கு."

வரும் கடிதத்தின் மேல் மூலையில் கிடைத்த திகதியைக் குறிப்பது எங்கள் வேலைப் பழக்கம். சப்பாத்தைக் கழற்றாமலே நின்று இதிலும் குறித்தேன். இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான தாள்களில் போட்ட திகதிகளில் ஒன்றுகூட இன்று என் நினைவில் இல்லை. இது மட்டும் இருக்கிறது: பங்குனி பதினொன்று, செவ்வாய்க்கிழமை.