ஒரு வாரத்தில் பழகிவிடும்

கடையில் அவளுக்குக் குச்சியக்கா என்று பெயர். உள்ளங்கைக் கணினியின் திரையில் எழுதுகிற பிளாஸ்டிக் குச்சி எந்நேரமும் அவள் விரலிடுக்கில் இருக்கும். பதினோரு வருடம் தட்டச்சுப் பள்ளியில் ஆசிரியை. ஓர் எழுத்து பிசகினாலும் தாளைத் திருப்பிக் கொடுத்தவள். பள்ளியை மூடியதும், இந்தக் கருவியை வாடிக்கையாளர்களுக்கு இயக்கிக் காட்டும் வேலைக்கு வந்தாள்.

மனிதர்கள் எழுதுகிற எழுத்து அந்தக் கருவிக்கு ஏறாது. குச்சியைத் தூக்காமல் ஒவ்வோர் எழுத்தையும் ஒரே இழுப்பில், அதற்கென்று வகுத்த வடிவத்தில் எழுத வேண்டும். இரண்டு மாதம் மல்லுக்கட்டித்தான் பழகினாள். இப்போது காகிதத்திலும் அதே கோணல்தான். "டீச்சர் கையெழுத்தா இது? கோழி கிண்டின மாதிரி இருக்கு" என்று வீட்டுக்காரர் மளிகைச் சீட்டைப் பார்த்துச் சிரிப்பார்.

நிறுவனம் அவளுக்கு இரண்டு பாடம் சொல்லியிருந்தது. பில் போடும்வரை குச்சியை யாரிடமும் கொடுக்காதே. பழக எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், ஒரு வாரம் என்று சொல். சொன்னாள். அது பொய் என்று மூன்று முறை மேலிடத்துக்கு எழுதியும் போட்டாள். பதில் இல்லை.

அந்தச் சனிக்கிழமை வட்டார மேலாளர் வந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கால்நடை மருத்துவர் கருவியை மேசையில் வைத்தார்.

"ஒரு வாரம்னு சொன்னீங்கம்மா. ஒன்றரை மாசமாச்சு. நான் ஒரு தேதி எழுதினா இது வேற தேதி காட்டுது. இருபது கன்னுக்குட்டிக்கு ஊசி தவறிப்போச்சு. திருப்பி எடுத்துக்குங்க."

மேலாளர் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அக்கா, சாருக்கு எழுதிக் காட்டுங்க."

மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. குச்சியை மேலாளர் பக்கம் நீட்டினாள்.

"நீங்க எழுதுங்க சார்."

"நானா? நான் விக்கிறவன்மா."

"விக்கிறவருக்கே வராதா? உங்க பேரை மட்டும் எழுதுங்க, போதும்."

அவர் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"ஏமாத்தினது இங்க வெச்சுத்தானே. இங்கேயே பேசலாம்."

திரும்பப்பெறும் படிவத்தை எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'வாடிக்கையாளருக்கு இயக்கத் தெரியவில்லை' என்று நிறுவனமே அச்சடித்து வைத்திருந்தது. பேனா காகிதத்தைக் கிழிக்கும்படி அதை அடித்தாள். 'ஒரு வாரத்தில் பழகாது. பழகும் என்று நிறுவனம் சொல்லச் சொன்னது, நான் சொன்னேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"நாளையிலேருந்து வர வேண்டாம்" என்றார் மேலாளர்.

"சரி, இதுல நீங்களும் போடுங்க."

இத்தனை பேர் பார்க்க மறுக்க முடியாமல், அவரும் கையெழுத்துப் போட்டார். படிவத்தை மருத்துவரிடம் நீட்டும்போது கேட்டாள்.

"கன்னுக்குட்டிங்க எப்படி இருக்கு சார்?"

"மூணு செத்துப்போச்சும்மா."

படிவத்தைத் திரும்ப வாங்கினாள். இரண்டு கையெழுத்துக்கும் மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அதையும் எழுதினாள்.