பெரியப்பா ருசி பார்த்த மணல்

போன வாரம் இந்தப் பக்கத்துல நான் எழுதலை. வீட்ல காரியம். பெரியப்பா போயிட்டார்.

கொத்து மேஸ்திரி. மந்தைவெளியில பாதி வீட்டு மாடி அவர் எழுப்பினது. எங்கப்பா சீக்கிரம் போனதால என்னைத் தூக்கி வளத்ததும், கரண்டி பிடிக்கக் கத்துக் குடுத்ததும் அவர்தான். அவர் ஒரு தண்ணித் தொட்டி மட்டும் கட்டிக் குடுத்த வீட்டம்மா கூட வந்து அழுதாங்க.

பதினாறாம் நாள் ஒருத்தர் வந்தார். வெள்ளை வேட்டி. கையில வாட்ச். யார்கிட்டயும் பேசலை. பந்தி முடிஞ்சும் கிளம்பலை.

பெரியப்பா மகன் ஏழுமலை என் காதுல சொன்னான்.

"இன்னாடா இவன்... பத்திரம் கேக்க வந்தவனாட்டம் குந்திக்கினு கீறான்?"

"உங்கப்பா எங்கனா கையெழுத்து போட்டுக் குடுத்தாரா?"

"அவரா? ரேஷன் கார்டுக்கே ரெண்டு நாள் யோசிச்சு கைநாட்டு வெச்சவரு."

கிட்ட போனேன். அப்பதான் முகம் பிடிபட்டது. அடையாறு வீட்டுக்காரர்.

எட்டு வருஷத்துக்கு முந்தின கதை. சொல்றேன்.

பெரியப்பா யாரையும் நம்புவார். மணலை மட்டும் நம்பமாட்டார். லோடு எறங்கினதும் வாயைக் கொப்புளிப்பார். அடியில கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வைப்பார். கரிச்சா கடல் மணல். அதுல பூசினா சுவர் உப்புப் பூத்து உதிரும்.

"மேல கெடக்கிற மணலு பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைடா. கொணம் அடியிலதான் கீது" என்பார்.

அடையாறு வேலைக்கு ஒரு லோடு வந்தது. நாக்குல வெச்சார். துப்பினார்.

"கரிக்குது. திருப்பி அனுப்புங்க."

வீட்டுக்காரருக்கு அவசரம். அப்ப சிமெண்ட் சர்க்கார் பர்மிட்லதான் கிடைக்கும்; அதுக்கு மாசக்கணக்கா அலைஞ்சவர். மூட்டை கிடந்தா கட்டி தட்டிடும். மேஸ்திரிக்கு வேற லாரிக்காரன்கிட்ட கமிஷனோ... அவருக்குச் சந்தேகம். என்னைக் கூப்பிட்டார்.

"நீ பாருப்பா. உப்பா?"

பார்த்தேன். அன்னிக்குக் காலையில பழைய சோறு, சுட்ட கருவாடு. வாயெல்லாம் உப்பு. இதுல எது கருவாடு, எது மணல்? கொப்புளிக்கணும்னு புத்தியில்லை.

"தெரியலீங்க."

அவ்வளவுதான். மேஸ்திரியை நிறுத்திட்டு வேற ஆளை வெச்சு அதே மணல்ல பூசிட்டார். கமிஷன் ஆளுன்னு நாலு பேர்கிட்ட சொல்லவும் சொன்னார். ரெண்டு வருஷம் அந்தப் பக்கம் யாரும் பெரியப்பாவை வேலைக்குக் கூப்பிடலை.

பெரியப்பா என்னை ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா கருவாட்டைச் சொல்லியிருப்பேன். வேற வேலைக்கெல்லாம் கூட்டிட்டுதான் போனார். ஆனா மணல் லோடு வந்தா மட்டும் — "போய் டீ வாங்கினு வா." ஒவ்வொரு தடவையும்.

எனக்கு என்ன தோணும்? நீங்களே சொல்லுங்க.

லாரிக்காரன் என்னை விலைக்கு வாங்கிட்டான்னு நினைக்கிறார். அப்படித்தான் தோணுச்சு. வளத்தவரே நம்மளைத் திருடன்னு நினைச்சா சோறு எறங்குமா? நானும் வாயைத் திறக்கலை. ஆஸ்பத்திரியில கடைசி மூணு நாள் பக்கத்துலயே இருந்தேன். அப்பவும் கேக்கலை. அவர் போயிட்டார்.

இப்ப இந்த மனுஷன் எதிர்ல உக்காந்திருக்கார்.

"வீடு முழுக்க உப்புப் பூத்துடுச்சுப்பா. கை வெச்சா உதிருது. மேஸ்திரியைப் பார்த்து மன்னிப்பு கேக்கலாம்னு வந்தேன். வாசல்ல பந்தல்."

"அன்னிக்கு... என்னைப் பத்தி எதுனா சொன்னாரா?"

கேட்டே விட்டேன்.

"நீ அந்தப் பக்கம் போனதும் நான்தான் கேட்டேன். நீங்க கரிக்குதுங்கறீங்க, உங்க தம்பி மகன் தெரியலைங்கறான், ரெண்டு பேர்ல யார் திருடன்னு. அவர் கோபப்படலை. 'அவன் திருடன் இல்லீங்க. நாக்கு செத்தவன். ரெண்டும் வேற'ன்னுட்டு சைக்கிளை எடுத்துட்டார்."

முதல்ல நான் நம்பலை. பூச்சு வேலைக்கு ஆள் பிடிக்க இவராக் கட்டிவிடறாரோ? இருக்கலாம். வேட்டி வெள்ளையா இருந்தா போதுமா?

ஆனா அந்தப் பேச்சை வெளியாள் கட்ட முடியாது. அது பெரியப்பா வாய். டீ வாங்க அனுப்பினதும் அதுக்குத்தான். திருடன்னு இல்லை. என் நாக்கு உதவாதுன்னு.

ஒரு வார்த்தை கேட்டிருந்தா தீர்ந்திருக்கும். கேக்காததால எட்டு வருஷம் சுமந்தேன். தொழில்காரனை நாக்கு செத்தவன்னு சொன்னா ரோஷம் வரணும். எனக்கு அன்னிக்குத்தான் சோறு எறங்குச்சு.

"நீயே வந்து பூசிக் குடுத்துடுப்பா" என்றார் அவர்.

ஒத்துக்கிட்டேன். மணல் மட்டும் நான் சொல்ற ஆள்கிட்டதான் எடுக்கணும்னு சொன்னேன்.

"யாரு அந்த ஆளு? அதுல உனக்கு எவ்வளவு?" — சட்டுன்னு கேட்டார்.